மரித்தோர் பட்டியலில் சேராத பெயர்

வாலிகண்டபுரம் அயலார் போரை அறியாத ஊரன்று. முகமது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரும் 1751ஆம் ஆண்டில் இப்பகுதியில்தான், ரஞ்சன்குடிக் கோட்டையருகே மோதினர். ஆங்கிலேயர் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கினர். நாம் இங்கு நினைவுகூர விழைவதோ பிறிதொரு போர். அது இங்கு வரவில்லை. நம்மவர் பிழைக்கச் சென்ற இடத்திற்கு வந்தது.

பெரம்பலூர் வட்டம் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு மிகுதியாக ஆள் சென்ற மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. கங்காணியை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களைப் பிறந்த மண்ணோடு பிணைத்தவை கடிதமும் மணியார்டருமே. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சப்பானியர் வசம் வீழ்ந்தது. அவ்விரண்டும் நின்றன.

அடுத்த ஆண்டு முடிவதற்குள் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போடப்பட்டது. தோட்டத் தமிழர் பலர் ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவும் பட்டினியும் அவர்களை வாரிச் சென்றன. அங்கு மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. காஞ்சனபுரியில் வெள்ளையர் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. படைவீரனுக்குப் பட்டியல் உண்டு, கூலியாளுக்கு ஏது?

பட்டியல் இல்லாமையின் சுமை ஊரிலிருந்த மனைவியின் தலையில் விழுந்தது. அவள் சுமங்கலியா, கைம்பெண்ணா? பூ வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு. ஏழாண்டு செய்தியில்லையேல் இறந்ததாகக் கொள்ளலாம் என்றது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். திருச்சபையோ, எத்தனை ஆண்டுகளாயினும் பிரிந்திருத்தல் மட்டும் சாவுக்குச் சான்றாகாது என 1868லேயே அறிவுறுத்தியிருந்தது. மறுமணத்திற்கு முன் கணவனின் இறப்பைப் பற்றி ஆயருக்கு மன உறுதி ஏற்பட வேண்டும். இன்றைய திருச்சபைச் சட்டம் 1707ஆம் எண்ணிலும் அதுவே நெறி. திருமணத்தின் மாண்பைக் காக்கும் நெறிதான், மறுக்கவில்லை. ஆயினும் சாட்சி சொல்ல வேண்டியவர்களும் அந்தக் காட்டிலேயே புதைந்துபோயினர். குருமடத்தில் இதைத் தேர்வுக்காகப் படித்தபோது அதன் கனம் நமக்கு எட்டவில்லை.

நாம் இளங்குருவாக இருந்த நாளில் எட்டியது. மரித்தோர் நினைவு நாளுக்குப் பெயர்கள் குறித்துக்கொண்டிருந்தோம். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி காணிக்கையைக் கொடுத்துக் கணவர் பெயரைச் சொன்னார். மலாயா போனவர் என்றார். நாம் எழுதத் தொடங்கினோம்.

"அதுல வேண்டாம் சாமி. அவுக நல்லாயிருக்கணும்னு ஒரு பூசை வைங்க" என்றார்.

எழுதியதை அடித்துவிட்டு, உயிரோடிருப்போருக்கான பூசைக் கருத்துகளின் ஏட்டில் எழுதினோம்.