மரத்தடியும் ஆசானும்

வெட்டவெளியிற் கல்வி புகட்டுதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. அவ்வாறு புகட்டவல்ல ஆசிரியரை உருவாக்குவது எங்ஙனம் என்பதே கடினமான வினா. இருபதாம் நூற்றாண்டில் வங்காளத்துச் சாந்திநிகேதனும் மத்திய இந்தியாவின் வார்தாவும் அவ்வினாவிற்கு இருவேறு விடைகளை அளித்தன.

1901-ஆம் ஆண்டில் கவி ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். மரத்தடியே அங்கு வகுப்பறை. பி.ஏ. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சதீஷ் சந்திர ராய் என்னும் இளைஞர், அதனைத் துறந்து ஆசிரியராக வந்து சேர்ந்தார். சால மரங்கள் பூத்துக் குலுங்கும் வசந்த காலத்தில் சிறுவரைக் காட்டிற்கு அழைத்துச் சென்று, தமக்குப் பிரியமான கவிதைகளை ஓதிக் காட்டுவார். சிறுவர்க்கு அவை விளங்குமோ என்று அவர் ஐயுற்றதில்லை. 1904-இல் அம்மை நோய் அவ்விளைஞரைக் கொண்டுபோயிற்று. பிறவித் திறனையே நம்பி நிற்கும் பள்ளி, அத்திறனுடையார் மறைந்தபின் என் செய்யும்?

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. கைத்தொழில் வழியே பாடம் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுக்க, டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா அதன் உறுப்பினருள் ஒருவர். மறு ஆண்டு தோன்றிய இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலாளரானவர் யாழ்ப்பாணத் தமிழரான ஈ. டபிள்யூ. ஆரியநாயகம். சாந்திநிகேதனில் தாகூருடன் பணியாற்றியவர் அவர். இவ்விரு சோதனைகளையும் இணைத்த பாலம் ஒரு தமிழரே என்பது நமக்குப் பெருமை.

நாடெங்கும் பரவவேண்டிய கல்விக்குச் சாமானிய ஆசிரியர் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆகவே, பயிற்சி ஆசிரியர் விடுதியில் தங்கி, தம் கையாலேயே தொழில் பழகி, மூத்தோர் மேற்பார்வையில் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டுமென வார்தாத் திட்டம் வகுத்தது. பருத்திச் செடியருகே நிற்கும் சிறுவனிடம் எப்போது கணக்கைத் தொடங்குவது, எப்போது வாளாவிருந்து அவனையே நோக்கவிடுவது என்பதை எந்நூலும் கற்பியாது. உடன் நிற்கும் மூத்த ஆசிரியரே காட்டவேண்டும்.

சுதந்திரத்திற்குப் பின் ஆதாரப் பள்ளிகள் பெருகின. ஆயின், பல இடங்களில் தக்ளி சுழன்றதேயன்றிப் பாடம் அதனோடு இணையவில்லை. கருவியை வாங்கிவிடலாம், அதன்வழிக் கற்பிக்கும் பக்குவத்தை ஒருவரிடமிருந்துதான் ஒருவர் பெறமுடியும்.

வெளி மாநிலங்களில் நம் மக்களைப் பள்ளியிற் சேர்க்கும்போது கட்டடத்தையும் தோட்டத்தையும் பார்க்கிறோம். அங்குள்ள இளம் ஆசிரியருக்கு வழிகாட்ட மூத்தவர் ஒருவர் உளரா என்றும் வினவுவோமாக.