படோசன்: மாஸ்டர் பிள்ளையைப் பார்த்து ஏன் சிரித்தோம்?

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல வடக்கத்தி நண்பர் ஒருத்தர் என்னைப் பார்த்து "ஐயையோ..." என்று ராகம் போட்டு இழுத்தார். எங்கே பிடிச்சீங்க என்று கேட்டேன். "படோசன் பார்த்ததில்லையா?" என்றார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. ராத்திரி உட்கார்ந்து முழுப்படத்தையும் பார்த்தேன்.

1968ல் வந்த இந்திப் படம். சாய்ரா பானுவுக்குச் சங்கீதம் சொல்லித்தரும் தமிழ் வாத்தியார் மாஸ்டர் பிள்ளையாக மெஹ்மூத். குடுமி, வேட்டி, கொச்சை இந்தி. "பிள்ளை" என்ற பேர் பொருத்தமானதுதான். வழுவூர் ராமையா பிள்ளையிடம் நாட்டியம் கற்ற வைஜயந்திமாலா அன்றைக்கு இந்தியில் பெரிய ஸ்டார். ஆக, இந்த வாத்தியார் பம்பாய் சினிமாவுக்கு அந்நியர் இல்லை.

படத்தின் உச்சம் அந்தப் பாட்டுப் போட்டி. பிள்ளை சொந்தக் குரலில் பாடுகிறார். எதிர் ஜன்னலில் சுனில் தத் வாயை மட்டும் அசைக்க, ஒளிந்திருந்து பாடுபவர் கிஷோர் குமார். கதைப்படி வித்தை தெரிந்தவர் பிள்ளை, பித்தலாட்டம் எதிர்க்கட்சி. ஆனாலும் தோற்பவரும் கேலிக்கு ஆளாகிறவரும் பிள்ளைதான். அவர் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற மும்முரத்தில் அந்த மோசடி நமக்கு உறைப்பதே இல்லை.

காலத்தையும் பாருங்கள். 1966ல் தொடங்கிய சிவசேனா, தென்னிந்தியர்கள் வேலைகளைப் பறிப்பதாகப் பம்பாயில் பிரச்சாரம் செய்துகொண்டிருந்த நேரம். படம் அதற்காக எடுக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "மதராசி" என்றாலே ஒரே அச்சு என்ற எண்ணம் தெருவிலும் இருந்தது, திரையிலும் இருந்தது.

என் குழப்பம் மெஹ்மூத் பற்றியது. காதலிக்க நேரமில்லை படத்தை ஸ்ரீதரே 1966ல் இந்தியில் எடுத்தபோது, நாகேஷ் வேடம் இவருக்கு. சர்வர் சுந்தரம் 1971ல் இந்திக்குப் போனபோதும் இவர்தான் சுந்தரம். மெட்ராஸ் டு பாண்டிச்சேரி 1972ல் பாம்பே டு கோவா ஆனபோதும் இவர் இருந்தார். தமிழ் நகைச்சுவையை இவ்வளவு நெருக்கமாக அறிந்தவர், தமிழனைக் காட்ட ஏன் குடுமியையும் கொச்சையையும் எடுத்தார்? கொட்டகையில் சட்டென்று சிரிப்பு வருவது அதற்குத்தான் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

நாம் மட்டும் யோக்கியமா? "நம்பள்கி நிம்பள்கி" பேசும் வட்டிக்கடை சேட்டைப் பார்த்து எத்தனை தமிழ்ப் படங்களில் சிரித்திருக்கிறோம்!

நாளைக்கு நண்பரிடம் நாகேஷைப் பற்றிச் சொல்லணும். சேட்டைப் பற்றியும் சொல்லணும். அதுதான் கொஞ்சம் கஷ்டம்.