கார்டு இருக்கு, வேகம் எங்கே?

மதுராந்தகம் ஏரி தளும்பினாலும் மதகைத் திறந்தாத்தான் வயலுக்குத் தண்ணி. என் கணினியிலும் அதே கதை. நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கு. விர்ச்சுவல் மெஷினுக்குள்ள ஒரு ஜன்னலை நகர்த்தவே திணறுது. கார்டு போச்சோன்னு பயந்துட்டேன். உள்ளே ஓடும் லினக்ஸில் ரெண்டரர் பெயரைப் பார்த்தால் ‘எல்எல்விஎம்பைப்’. அதாவது வரைவதெல்லாம் சிபியு. கார்டு சும்மா உட்கார்ந்திருக்கு.

1960களில் ஐபிஎம் விர்ச்சுவல் மெஷினை உருவாக்கியபோது பயனர் முன்னால் இருந்தது தட்டச்சு முனையம். சிபியு, நினைவகம், வட்டு இவற்றைப் பங்கிட்டால் போதும். 2005ல் இன்டெல், சிபியுவைப் பங்கிடும் வசதியைச் சில்லுக்குள்ளேயே வைத்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த யோகம் இல்லை. க்யூஈஎம்யூ மென்பொருள் 2014 வரை இயல்பாகக் காட்டியது என்ன தெரியுமா? 90களின் சிர்ரஸ் லாஜிக் கார்டு ஒன்றின் நகல்!

2012ல் லினக்ஸ் கெர்னலில் விஎஃப்ஐஓ சேர்ந்தது. கார்டை முழுசா மெஷினிடம் ஒப்படைக்க வழி பிறந்தது. ஆனால் விண்டோஸில் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் டிரைவர், தான் விர்ச்சுவல் மெஷினில் இருப்பதை மோப்பம் பிடித்தால் ‘கோட் 43’ என்று படுத்துவிடும். ஆர்வலர்கள் ஹைப்பர்வைசரின் அடையாளத்தை மறைத்து அதை ஏமாற்றினார்கள். 2021ல்தான் நிறுவனம் தடையை நீக்கியது. கோளாறே இல்லாத கார்டை வைத்துக்கொண்டு எத்தனை பேர் ராத்திரி கண்முழித்தார்களோ, அநியாயம்.

என் விஷயம் அவ்வளவு தூரம் போகலை. மெஷினின் அமைப்பில் ‘3டி முடுக்கம்’ பெட்டியில் டிக் இல்லை. போட்டேன். ரெண்டரர் பெயர் இப்போ ‘விர்ஜிஎல்’.