ரேடார் இருந்துமா மோதியது? கொச்சிக் கடலும் மூன்று குமிழ்களும்

கொச்சிக்கு வெளியே ஒரு மீன்பிடிப் படகின் மேல் கப்பல் மோதிவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும். "அவ்வளவு பெரிய கப்பலில் ரேடார் இருக்காதா?" இருக்கும். பெரிய கப்பல் என்றால் இரண்டுகூட இருக்கும். பிறகு எப்படி மோதியது? இதற்குப் பதில் சொல்ல கொஞ்சம் சரித்திரம் வேண்டும், கொஞ்சம் குமிழ் திருகலும் வேண்டும்.

முதலில் இடம். 1920ல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி வழி செய்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. தோண்டிய மண்ணில் எழுந்ததுதான் வில்லிங்டன் தீவு. அதன் ஒரு பக்கம் எர்ணாகுளம் கால்வாய், மறுபக்கம் மட்டாஞ்சேரி கால்வாய். மட்டாஞ்சேரிப் பக்கம் தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகம். ஆக, சரக்குக் கப்பலுக்கும் மீன்பிடிப் படகுக்கும் கடலுக்குப் போக ஒரே வாசல்தான்.

அந்தப் படகுகளில் யார் போகிறார்கள்? இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் 1963ல் எர்ணாகுளத்துக்கு இடம் மாறியது. ஸ்ராங்குகளுக்கும் இன்ஜின் டிரைவர்களுக்கும் பயிற்சி தரும் மத்திய நிறுவனமும் அதே ஆண்டில் கொச்சியில் தொடங்கியது. ஆழ்கடல் மீன்பிடிப்பு வளர வளர, குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நம்மவர்கள் தோப்பும்படிக்கு வந்தார்கள். நாள்கணக்கில் கடலிலேயே தங்கித் தூண்டில் போடுவதில் அவர்களுக்கு நல்ல பெயர்.

இப்போது ரேடார். 1935ல் இங்கிலாந்தில் வாட்சன்-வாட் விமானத்தை ரேடியோ அலையால் கண்டுபிடித்துக் காட்டினார். 1940ல் பர்மிங்ஹாமில் ராண்டலும் பூட்டும் செய்த மேக்னட்ரான் குழாய், சில சென்டிமீட்டர் அலைகளைப் பெரும் சக்தியோடு அனுப்ப வழி செய்தது. போர் முடிந்ததும் அது வணிகக் கப்பல்களுக்கு வந்தது. இன்றும் கப்பல்களில் 3 செ.மீ. அலை, 10 செ.மீ. அலை என்று இரண்டு வகை உண்டு. சின்னப் பொருளைக் காட்ட முதல் வகை நல்லது. கனமழையில் இரண்டாவது வகை தேவலை.

வந்த நாள் முதலே ஒரு தொல்லை. ரேடாருக்குப் படகு, அலை, மழை எல்லாம் ஒன்றுதான். எது எதிரொலித்தாலும் திரையில் புள்ளி விழும். அதனால் மூன்று குமிழ்கள் வைத்தார்கள்.

கெயின்: வரும் எதிரொலியை எவ்வளவு பெருக்குவது என்பது. மற்ற இரண்டையும் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, திரை முழுக்க லேசாகப் பொரிப்பொரியாகத் தெரியும்வரை கூட்டி, பிறகு ஒரு மயிரிழை குறைக்க வேண்டும். முதலில் செய்யவேண்டியது இதுதான்.

சீ கிளட்டர்: கப்பலுக்குப் பக்கத்தில் வரும் எதிரொலிகளை மட்டும் அமுக்குவது. தூரம் போகப்போக இதன் பிடி தளரும். அலைப் புள்ளிகள் சிதறித் தெரியும் அளவோடு நிறுத்த வேண்டும். முழுக்கத் துடைக்கக் கூடாது.

ரெயின் கிளட்டர்: மழையின் பரந்த பூச்சைக் கலைப்பது. மழை ஓய்ந்ததும் பழையபடி குறைக்க வேண்டும்.

வில்லங்கம் நடுவில் உள்ளதில். தென்மேற்குப் பருவக்காற்றில் கொச்சிக் கடல் கொந்தளிக்கும்போது, காற்று வரும் மேற்குப் பக்கம் திரை முழுக்க அலைப் புள்ளிகளாக இருக்கும். காவலில் இருப்பவர் எரிச்சலில் குமிழை ஒரு திருகு திருகினால் திரை பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் மரப்படகும் ஃபைபர் படகும் தரும் எதிரொலி அலையின் எதிரொலியைவிடப் பெரிதல்ல. அலையோடு படகும் மறைந்துவிடும். அதுவும் கப்பலுக்கு மிக அருகில் இருக்கும் படகு!

ரேடார் இருந்தும் மோதுவது கொச்சிக்கு மட்டும் உரிய கதையல்ல. 1956 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நான்டகெட் தீவுக்கு அருகே 'ஆண்ட்ரியா டோரியா', 'ஸ்டாக்ஹோம்' என்ற இரண்டு பயணிகள் கப்பல்கள் மோதின. 51 பேர் இறந்தார்கள். இரண்டிலும் ரேடார் இருந்தது, இரண்டும் மற்றதைத் திரையில் பார்த்தன. ஸ்டாக்ஹோமில் திரையின் தூர அளவைத் தவறாகப் படித்திருக்கலாம் என்பது பின்னால் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. 'ரேடார் உதவியோடு நடந்த மோதல்' என்று மாலுமிகள் கசப்பாகச் சொல்ல ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். 1972ல் உருவாகி 1977ல் அமலுக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் ஆறாவது விதி, சிறு படகுகள் போதிய தூரத்தில் ரேடாரில் தெரியாமல் போகலாம் என்பதைக் கணக்கில் எடுத்தே வேகத்தை வைக்கச் சொல்கிறது. அரைகுறை ரேடார் தகவலை நம்பி முடிவெடுக்காதே என்கிறது ஏழாவது விதி.

விதி இருக்கிறது. ஆனாலும் 2017 ஜூன் 11 விடிவதற்கு முன், கொச்சிக்கு வெளியே 'கார்மல் மாதா' படகில் பனாமா கொடியேற்றிய 'ஆம்பர் எல்' மோதியது. படகில் 14 பேர். 11 பேர்தான் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 2018 ஆகஸ்ட் 7 அன்று, முனம்பத்திலிருந்து கிளம்பிய 'ஓஷானிக்' படகை ஒரு கப்பல் இடித்தது. அதிலும் 14 பேர், பெரும்பாலோர் குமரி மாவட்டத்தவர். பிழைத்தவர்கள் இரண்டே பேர். இரண்டுமே பருவக்காற்று மாதங்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த இரவுகளில் எந்தக் குமிழ் எங்கே இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சுத்தமான திரை என்றால் காலியான கடல் என்று அர்த்தமில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் கப்பல் அதிகாரி யாராவது இருந்தால், அல்லது வார இறுதியில் சொந்தப் படகு ஓட்டுபவர் இருந்தால், இதைச் சொல்லுங்கள்: சீ கிளட்டரை அவ்வப்போது குறைத்துப் பார், தூர அளவை மாற்றிப் பார், பிறகு ஜன்னல் வழியாகவும் பார். ஊரில் படகு வைத்திருக்கும் உறவினருக்குச் சொல்ல வேண்டியது வேறு. பாய்மரக் கம்பத்தின் உச்சியில் ஓர் உலோக ரேடார் பிரதிபலிப்பான், இரவெல்லாம் எரியும் விளக்கு, மற்றவர்கள் தூங்கும்போது விழித்திருக்க ஓர் ஆள். கப்பல்காரன் குமிழை எங்கே வைத்திருப்பான் என்பது படகில் இருப்பவர் கையில் இல்லை. இந்த மூன்றும் அவர் கையில்தான் இருக்கின்றன.