ஷின்கார்டு: இளம் ஹாக்கி ஆட்டக்காரர்களின் கணைக்கால் காப்பு

ஷின்கார்டு என்பது ஹாக்கி ஆடுவோர் முட்டிக்குக் கீழே, நீளக் காலுறைக்குள் அணியும் கணைக்கால் காப்பு. ஷின்பேடு என்றும் சொல்வதுண்டு. வெளிப்பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தை, பின்னால் ஆடுசதையைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை என்று மூன்று பாகம் கொண்டது. ஹாக்கிக்கென்றே செய்ததாக இருந்தால், கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் குமிழ் எலும்பை மூடும் காதுகளும் சேர்ந்திருக்கும். திண்டுக்கல் நகரத்திலும் அதைச் சுற்றிய சமவெளி ஊர்களிலும் மண் மைதானத்தில் ஆடத் தொடங்கும் 8 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இதை எப்படித் தேர்ந்து, எப்படிக் கட்டிவிடுவது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

கணைக்காலின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். தோல், அதற்கடியில் நேரே எலும்பு. தொடையிலும் ஆடுசதையிலும் இருப்பதைப் போல அடியை வாங்கிக்கொள்ளத் தசை கிடையாது. அந்த எலும்பின் கீழ்ப்பகுதிக்கு இரத்த ஓட்டமும் குறைவு. அங்கே முறிந்தால் கூடுவதற்கு நாளாகும். ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிரிக்கெட் பந்தும் அதே எடைதான். கிரிக்கெட் பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளர் தொடை வரை உயர்ந்த தடித்த பேடு கட்டி நிற்கிறார். ஹாக்கி ஆடும் சிறுவனுக்கோ காலுறைக்குள் மறையும் இந்த ஓடு மட்டும்தான். பந்தோடு மட்டையும் வரும். சட்டப்படி ஒரு மட்டை 737 கிராம் வரை இருக்கலாம். பந்தைப் பறிக்க இருவர் ஒரே நேரத்தில் குனியும்போது மட்டையின் விளிம்பு தேடிப்போய்த் தட்டுவது பெரும்பாலும் கணுக்காலைத்தான்.

விதி சொல்வதும் சொல்லாததும்

கால்பந்தில் ஷின்கார்டு கட்டாயம். 1990 முதல் அது இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. ஹாக்கியில் அப்படி இல்லை. பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பின் விதிநூல், களத்தில் ஆடுபவர்கள் கணைக்கால், கணுக்கால், வாய்க் காப்புகளை அணிவது நல்லது என்று பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் நடுவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது. பயிற்சியாளரும் வீட்டாரும்தான் பார்த்தாக வேண்டும்.

அதே விதிநூலில் கணைக்காலோடு தொடர்புள்ள ஓர் உயர அளவும் இருக்கிறது. தடுக்கும் அணியின் தவறுக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், பந்து கோல்கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பியிருக்கக் கூடாது. கோலின் அடிப்பலகை உயரமும் அதுவே. தலையையும் உடம்பையும் காப்பதற்கான விதிதான். ஆனால் இதன் விளைவாக ஆட்டத்தின் மிக வேகமான அடிகளில் ஒன்று கணைக்கால் உயரத்திலேயே வந்து சேர்கிறது. வளர்ந்தவருக்கு அந்த உயரம் முட்டிக்குக் கீழே அடங்கும். சின்னப் பிள்ளைக்கு அது முட்டியருகே. ஆகவே கார்னரைத் தடுக்க முன்னே ஓடும் பிள்ளைக்கு ஷின்கார்டு மட்டும் போதாது, முட்டிக் காப்பும் முகக்கவசமும் வேண்டும். 5 மீட்டருக்குள் ஓடிவந்துவிட்ட தடுப்பாளரின் முட்டிக்குக் கீழே அந்த முதல் ஷாட் பட்டால் மறுபடி கார்னரே கிடைக்கும். முட்டியிலோ அதற்கு மேலேயோ பட்டால் அபாயமான அடி என்று தடுக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட். முட்டிக்குக் கீழே படும் பந்தை ஆட்டத்தின் இயல்பாகவே விதி கருதுகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

மண் தரையும் டர்ஃபும்

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் டர்ஃப் எனப்படும் செயற்கைத் தரை வந்த பிறகு ஹாக்கியின் வேகமே மாறிப்போனது. அந்தத் தரை இப்போது நம் பக்கத்திலும் உண்டு. தென்மாவட்டங்களில் தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்ற கோவில்பட்டி, ஹாக்கிக்கும் பெயர்பெற்ற ஊர். லட்சுமி அம்மாள் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி அங்கே நடக்கிறது, செயற்கைத் தரை மைதானமும் இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். 2025 நவம்பர், டிசம்பரில் ஆண்கள் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, இந்தியா வெண்கலம் வென்றது. மதுரையின் புதுத் தரை திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஆக, திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளை பயிற்சி எடுப்பது மண்ணில், பெரிய ஆட்டம் ஆடப்போவது டர்ஃபில்.

இரண்டிலும் அடி வேறு வேறு மாதிரி விழும். சிறுமலைக்கும் மேற்கே கொடைக்கானல் மலைகளுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில் மழைக்குப் பிறகு இறுகிக் காயும் செம்மண்ணில் சிறுகல்லும் மேடுபள்ளமும் மிகுதி. உருண்டு வருகிற பந்து ஒரு கல்லில் பட்டுத் திடீரென்று எகிறும், பக்கவாட்டில் திரும்பும். மட்டையை வைத்த இடத்தில் பந்து இருக்காது, கால் இருக்கும். டர்ஃபில் பந்து சொன்ன பாதையில் வரும், ஆனால் யோசிக்க நேரம் தராது. மண்ணில் ஆடுகிற பிள்ளைக்குப் பக்கவாட்டுக் காப்பு கூடுதலாக வேண்டும் என்பது என் முடிவு. முன்பக்கத்தை மட்டும் மூடும் ஒடுங்கிய ஓடு அவர்களுக்கு உதவாது.

கடையில்

விளையாட்டுப் பொருள் கடைகளில் முன்னால் தொங்குவது கிரிக்கெட்டும் கால்பந்தும்தான். ஷின்கார்டு கேட்டால் பெரும்பாலும் கால்பந்துக்கானதே கைக்கு வரும். இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. கால்பந்து ஷின்கார்டு எதிராளியின் பூட்ஸ் உதையை எண்ணிச் செய்தது. உதை அகலமாகப் படும். ஹாக்கிப் பந்தும் மட்டை விளிம்பும் ஒரே புள்ளியில் இறங்கும். அந்தப் புள்ளியின் விசையைப் பரப்பிவிடத் தடித்த ஓடும் அதற்கடியில் அடர்ந்த மெத்தையும் வேண்டும். ஐரோப்பியத் தர நிர்ணயமே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது: கால்பந்துக்கு இஎன் 13061, ஹாக்கிக்கு இஎன் 13546. பொட்டலத்தில் இரண்டாவது எண் இருந்தால் நம்பி வாங்கலாம். எண் எதுவும் இல்லையென்றால் கட்டைவிரலால் ஓட்டின் நடுவை அழுத்திப் பார்க்க வேண்டும். குழிந்து மெத்தையோடு ஒட்டினால் அது பந்தையும் அப்படியே எலும்புக்குக் கடத்தும்.

கால்பந்து வீரர்கள் சிலர் இப்போது உள்ளங்கையளவு ஷின்கார்டு செருகிக்கொண்டு ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகளும் அதைக் கேட்கிறார்கள். ஹாக்கிக்கு அதை வாங்கித் தரவே கூடாது.

ஹாக்கிப் பொருள்களில் பெரும்பகுதி ஜலந்தரிலிருந்தும் மீரட்டிலிருந்தும் வருகிறது. அங்கே தயாரிப்பாளர்கள் பலர். ஒரு தயாரிப்பாளரின் நடுத்தர அளவு இன்னொருவரின் சிறிய அளவாக இருக்கலாம். அட்டையில் உள்ள எழுத்தை நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

அளவு

இனி வருவதுதான் முக்கியம். "வளர்ற புள்ளதானே, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்குங்க" என்பது பள்ளிச் சீருடைக்கும் செருப்புக்கும் நம் வீடுகளில் வழிவழியாக வரும் யோசனை. காசின் அருமை தெரிந்தவர்கள் சொல்வது, குறைசொல்ல முடியாது. சட்டை பெரிதானால் கையை மடித்துவிடலாம். ஷின்கார்டை மடிக்க முடியாது. பெரிய ஓடு ஓடும்போது சுழன்று பக்கத்துக்குப் போய்விடும். எலும்பு திறந்து கிடக்க, ஆடுசதை காப்பில் இருக்கும். நீளம் அதிகமானால் கீழ் விளிம்பு புறங்காலை அறுக்கும், மேல் விளிம்பு முட்டியை இடிக்கும். வலி தாங்காத பிள்ளை அரைமணியில் கழற்றிப் பையில் போட்டுவிடும். அடுத்த ஆண்டுக்கு வாங்கிய காப்பு இந்த ஆண்டு காக்காது.

அளக்கத் தையல்காரர் டேப் போதும். பிள்ளையை ஆட்ட ஷூவோடு நாற்காலியில் உட்காரவைத்து முட்டியை மடக்கச் சொல்ல வேண்டும். முட்டிச் சில்லின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு விரல் விட்டு, அங்கிருந்து பாதம் மடியும் இடம் வரை அளந்தால் ஓட்டின் நீளம் கிடைக்கும். ஆடுசதையின் பருத்த இடத்தில் சுற்றளவையும் எடுத்துக்கொள்வது நல்லது. ஒல்லிக்கால் பிள்ளைகளுக்கு நீளம் சரியாக இருந்தும் ஓடு சுழல்வதற்குக் காரணம் அகலம்தான்.

அடுத்த பிழை கடையில் நிற்கவைத்துப் பார்ப்பது. ஹாக்கி நிமிர்ந்து ஆடும் ஆட்டமல்ல. முட்டி மடங்கி, கணைக்கால் முன்னே சாய்ந்து, புறங்காலுக்கும் கணைக்காலுக்கும் நடுவில் உள்ள கோணம் சுருங்கிய நிலையில்தான் பிள்ளை ஆட்டம் முழுவதும் இருக்கும். நிற்கும்போது கச்சிதமாக இருக்கும் ஷின்கார்டு, குனிந்ததும் புறங்காலில் முட்டி மேலே தள்ளும். ஆகவே கடையிலேயே கட்டிவிட்டு, மட்டை பிடிப்பதுபோல் தாழக் குனியச் சொல்ல வேண்டும். குந்தி எழச் சொல்ல வேண்டும். வாசலில் நாலு எட்டு ஓடிவரச் சொல்ல வேண்டும். இரண்டு அளவுக்கு நடுவே கால் நின்றால், குனிந்த நிலையில் எது முட்டியையும் புறங்காலையும் தொடவில்லையோ அதுவே அளவு.

பருவ வளர்ச்சியில் உடம்பைவிடக் கால்கள் முந்திக்கொள்ளும். பெண்பிள்ளைகளுக்கு அது ஆண்பிள்ளைகளைவிட ஓரிரு ஆண்டு முன்னதாகவே வந்துவிடும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் ஒருமுறை அளந்து பார்ப்பது எளிய வழக்கம். கணுக்காலுக்கு மேலே இரண்டு விரலுக்கு அதிகமாகக் கால் தெரிந்தால் அந்த ஷின்கார்டின் காலம் முடிந்தது.

இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு முட்டிக்குச் சற்றுக் கீழே, எலும்பு மேடு தட்டும் இடத்தில் வலியும் வீக்கமும் வரும். 1903-இல் இதை விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் ஆஸ்குட்–ஷ்லாட்டர் என்று அழைக்கிறார்கள். ஓடித் தாவும் வளர்பருவப் பிள்ளைகளிடம் காண்பது. ஷின்கார்டின் மேல் விளிம்பு சரியாக அந்த மேட்டில்தான் உராயும். அப்படி வலி சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாமல், மேல் விளிம்பில் தடித்த துணி மடித்துத் தைத்த ஷின்கார்டு தேட வேண்டும். மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

கட்டும் முறை

முதலில் மெல்லிய பருத்திக் காலுறை, அதன்மேல் ஷின்கார்டு, அதன்மேல் நீளக் காலுறை, கடைசியில் ஷூ. வெறுந்தோலில் கட்டினால் திண்டுக்கல் வெயிலில் கால்மணியில் வேர்க்குரு கிளம்பிவிடும். இடது வலது குறி பார்த்துக் கட்ட வேண்டும். உயர்ந்த காது உட்புறமா வெளிப்புறமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் இறுக்கம் போதும். ஓடு சுழல்கிறது என்று பட்டையை மேலும் மேலும் இறுக்கினால் பாதம் மரத்துப்போகும். சுழல்கிற ஓடு அளவு தவறிய ஓடு. இறுக்கிச் சரிசெய்ய முடியாது.

கோல்காப்பாளருக்கு இது பொருந்தாது. அவருடைய கால்பேடு தனிச் சாதனம். கட்டிய நிலையில் 300 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி.

வியர்வையும் வெயிலும்

பழைய காலத்துப் பேடுகளுக்குத் தோல் வாரும் பக்கிளும் இருந்தன. தோல் பதனிடுதலில் பெயர்பெற்ற திண்டுக்கல்லுக்கு அதன் குணம் தெரியாததல்ல: வியர்வையில் ஊறி வெயிலில் காய்ந்தால் தோல் விறைக்கும், பிறகு வெடிக்கும். இன்றைய எலாஸ்டிக் பட்டைக்கு வேறு நோய். ஒட்டும் வெல்க்ரோவில் நூலும் செம்மண்ணும் அடைத்துக்கொள்ளும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சீவிவிட்டால் மறுபடி பிடிக்கும். எலாஸ்டிக் தளர்ந்துவிட்டால் முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. பை தைக்கிறவரிடமோ செருப்புத் தைக்கிறவரிடமோ கொடுத்தால் புதுப் பட்டை வைத்துத் தருவார்.

ஆடி முடித்ததும் ஈரத்தோடு பைக்குள் அடைக்கக் கூடாது. உள்மெத்தை கழற்றக்கூடியதாக இருந்தால் சோப்பில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். மொட்டைமாடி வெயில் சீக்கிரம் காயவைக்கும் என்பது உண்மை. பிளாஸ்டிக்கையும் சீக்கிரம் நொறுங்கவைக்கும். பள்ளிப் பெட்டியில் பொதுவாகக் கிடக்கும் ஷின்கார்டுகளை ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் துடைத்துக் காயவைக்காவிட்டால் படர்தாமரை ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தொற்றும். ஓட்டில் கீறலோ, வளைத்த இடத்தில் வெண்கோடோ தெரிந்தால் அதைப் பெட்டியில் திரும்ப வைக்கவே வேண்டாம்.

அடிபட்டால்

ஷின்கார்டு அடியைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. வழக்கமான வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ், ஓய்வு, காலை உயர்த்தி வைத்தல் போதும். ஆனால் கணைக்கால் கல்லாக இறுகி, வலி நேரம் போகப்போக ஏறி, பாதவிரலை அசைத்தால் தாங்க முடியாமல், பாதம் மரத்துப்போனால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். ஷின்கார்டையும் காலுறையையும் உடனே கழற்றி, கட்டுப்போடாமல், தைலம் தேய்க்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை ஊன்ற முடியாத பிள்ளைக்கும் எக்ஸ்ரே அவசியம்.

கைமாறுதல்

பெரிய அளவு வாங்கும் யோசனைக்குப் பின்னால் இருப்பது காசு. அதற்கு வேறு வழி உண்டு. ஷின்கார்டு உடைந்து வீணாவதைவிடச் சிறிதாகி ஒதுங்குவதே அதிகம். ஒரு பள்ளியோ பயிற்சி மையமோ அளவுவாரியாக ஒரு பெட்டி வைத்து, பிள்ளை வளர்ந்ததும் பழையதைப் போட்டுவிட்டு அடுத்த அளவை எடுத்துக்கொள்ளச் செய்யலாம். உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் ஓட்டின் நீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதிவைத்தால், பெட்டியைத் திறக்கும் பிள்ளை டேப் வைத்துத் தன் காலை அளந்து தானே எடுத்துக்கொள்ளும்.