விதைக்கும் ஒரு கடவுச்சீட்டு உண்டு

இம்மாத வரலாற்றுப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம், நாம் வாழும் நோர்வே நாட்டோடும் போரோடும் தொடர்புள்ளது. வடக்கே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், லொங்கியர்பீன் நகருக்கு அருகே மலையைக் குடைந்து அமைத்த விதைக் களஞ்சியத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். 2008 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. சுழியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரில் உலக நாடுகளின் பயிர் விதைகள் அங்கே இருக்கின்றன. இன்று 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கு உண்டு.

உலகம் அழியும் நாளுக்காகக் கட்டியது என்று பலர் இதைச் சொல்வார்கள். ஆனால் அங்கிருந்து முதன்முதலாக விதை வெளியே எடுக்கப்பட்டது 2015இல். அதற்குக் காரணம் சிரியாவில் நடந்த போர்.

சிரியாவின் அலெப்போ நகருக்குத் தெற்கே தெல் ஹாத்யா என்ற இடத்தில் 1977 முதல் ஒரு சர்வதேச விவசாய ஆராய்ச்சி நிலையம் இயங்கிவந்தது. இக்கார்டா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மழை குறைந்த நாடுகளின் கோதுமை, பார்லி, கடலை, பருப்பு, அவரை வகைகளையும், அவற்றின் காட்டு உறவுகளான புல் பூண்டுகளையும் திரட்டி வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. மனிதன் கோதுமையை முதன்முதலில் பயிரிடத் தொடங்கிய பிரதேசமே அதுதான். அதனால் அங்குள்ள விதைகளுக்கு மதிப்பு அதிகம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட நிலையத்தில் விதை மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு விதைப் பொதிக்கும் ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கத்துக்கு ஒரு பதிவு உண்டு. எந்த ஊரில், எந்த ஆண்டு எடுத்தது, நிலம் எவ்வளவு உயரம், எப்படிப்பட்ட மண், அந்த ஊர்க் கமக்காரர் அதை என்ன பெயரால் அழைத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தப் பதிவை அத்துறையினர் கடவுச்சீட்டு விபரம் என்றே அழைக்கிறார்கள். அகதியாக வந்த எங்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். கையில் பத்திரம் இல்லாதவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று நிரூபிக்க எவ்வளவு பாடுபட வேண்டும்! விதைக்கும் அதே கதிதான். வறட்சி தாங்கும் கடலை வேண்டும் என்று ஓர் ஆராய்ச்சியாளர் கேட்டால், ஆயிரக்கணக்கான பொதிகளில் எதை எடுத்துக் கொடுப்பது? பதிவு இருந்தால் அது அறிவு. பதிவு போனால் அது வெறும் தானியம்.

ஆப்கானிஸ்தானில் இது கண்கூடாக நடந்தது. போர்க்காலத்தில் அந்நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் விதைகளைக் கஸ்னியிலும் ஜலாலாபாத்திலும் வீடுகளுக்குள் மறைத்து வைத்தார்கள். 2002இல் போய்ப் பார்த்தபோது கொள்ளையர் வந்துபோயிருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது விதையல்ல, போத்தல்களும் பிளாஸ்டிக் கொள்கலன்களும்தான். விதைகளைத் தரையில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எது எந்த ஊர் விதை என்று பிரிக்க இனி வழியில்லை.

அடுத்த ஆண்டு, 2003இல், ஈராக்கின் அபு கிரைப் விதை வங்கியும் சூறையாடப்பட்டது. ஆனால் ஈராக் விஞ்ஞானிகள் 1996இலேயே ஏறக்குறைய 200 வகை விதைகளை ஒரு பெட்டியில் பொதி செய்து அலெப்போவுக்கு அனுப்பியிருந்தார்கள். அது தப்பியது.

அதற்கு முன்னரும் இப்படி ஒரு சோதனை வந்ததுண்டு. ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் வவிலோவ் உலகெங்கும் சுற்றித் திரட்டிய விதைகள் லெனின்கிராட் நகரில் இருந்தன. 1941 முதல் 1944 வரை நாசிப் படைகள் அந்நகரை முற்றுகையிட்டபோது, அங்கு வேலை செய்தவர்கள் விதைகளை உண்ணாமல் காத்தார்கள். பலர் பட்டினியால் இறந்தார்கள். நெற்பிரிவைப் பொறுப்பேற்றிருந்த திமித்ரி இவானோவ், நெல் விதைப் பொதிகள் நிறைந்திருந்த கட்டடத்திலேயே பசியால் இறந்தார். வவிலோவை ஸ்டாலின் அரசு 1940இல் கைது செய்தது. 1943இல் அவர் சிறையில் இறந்தார்.

அந்தத் தியாகத்தை நான் தலைவணங்கி நினைக்கிறேன். ஆனாலும் ஒரு சேகரிப்பு ஒரே இடத்தில் மட்டும் இருந்தால், அதைக் காக்க மனிதர் உயிரைக் கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது. பிற்காலத்து ஆராய்ச்சி நிலையங்கள் வேறு வழியை எடுத்தன: பகிர்ந்து வைப்பது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1970களின் தொடக்கத்தில் கம்போடிய நெல்லினங்களின் விதைகளை எடுத்து வைத்திருந்தது. பொல்பொட் ஆட்சியில் அந்நாட்டின் விவசாயம் சிதைந்து பல நெல்லினங்கள் அழிந்தன. 1980களில் அந்த நிலையம் எழுநூறுக்கும் மேற்பட்ட நெல்லினங்களைத் திருப்பிக் கொடுத்தது.

அலெப்போக்காரரும் இதையே செய்தார்கள். 2008 முதல் 2014 வரை ஏறக்குறைய 116,000 மாதிரிகளின் பிரதிகளை ஸ்வால்பார்ட்டுக்கு அனுப்பினார்கள். 2012இல் நிலையத்தின் தலைமையகம் லெபனானுக்கு இடம்பெயர்ந்தது. சிரிய ஊழியர் சிலர் அங்கேயே தங்கி, குளிர் அறைகளை இயன்றவரை இயங்க வைத்தார்கள். பிறகு அந்தச் சேகரிப்பை எவரும் நெருங்க முடியவில்லை. 2015இல் அந்நிலையம் கேட்டுக்கொண்டதன்பேரில் ஏறக்குறைய 38,000 மாதிரிகள் ஸ்வால்பார்ட்டிலிருந்து லெபனானுக்கும் மொரோக்கோவுக்கும் போயின. அங்கே விதைத்து, அறுவடை செய்து, 2017 முதல் புதிய விதையைத் திரும்பவும் ஸ்வால்பார்ட்டில் வைக்கத் தொடங்கினார்கள்.

பகிர்வதிலும் ஒரு நியாயப் பிரச்சினை உண்டு. ஏழை நாட்டுக் கமக்காரர் தலைமுறை தலைமுறையாகக் காத்த விதையை யாரோ எடுத்துத் தன் சொத்தாக்கினால்? இந்தக் குறை பல நாடுகளிடமிருந்து எழுந்தது. 1994இல் சர்வதேச ஆராய்ச்சி நிலையங்கள், தம்மிடமுள்ள விதைகள் மனித குலத்துக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவை என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தன. ஸ்வால்பார்ட்டிலும் பெட்டியை அனுப்பியவர்தான் அதைத் திருப்பிக் கேட்கலாம். நோர்வே அதைத் திறப்பதில்லை.

எங்கள் கதையையும் சொல்லாமல் முடிக்க முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச் சுவடிகளும் அதில் போயின. அச்சில் பல பிரதி வந்த நூல்களை ஓரளவு திரும்பத் தேடலாம். அந்தச் சுவடிகளை எங்கே தேடுவது? 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களைப் பிரதி செய்து எவரும் படிக்கத் தருவது இந்தப் பாடத்தைக் கற்றதனால்தான் என்று நான் எண்ணுகிறேன்.

எங்கள் ஊரில் விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். எந்தப் பிடி எந்தத் தோட்டத்து வெங்காயம், எந்த மண்ணுக்கு எது சரிவரும் என்பது வீட்டுப் பெரியவருக்கு மனப்பாடம். எழுதி வைத்தவர் அரிது. அந்தப் பெரியவர்களில் சிலர் இன்றும் ஒஸ்லோவிலும் பேர்கனிலும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். கோடையில் தக்காளிச் சாடிக்குப் பக்கத்தில் அவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். என்ன விதைத்தார்கள், எந்த மாதம், எந்தக் கிணற்றுத் தண்ணீர், என்ன பெயர் சொன்னார்கள் என்று பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை வேறு நாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்புங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு வரலாற்றுப் பேச்சோடு சந்திப்போம்.