திருகோணமலைத் துறையும் நிலத்தின் ஓயா அதிர்வும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோட்டைகளையும் கப்பல்களையும் பற்றியே பெரிதும் எழுதியுள்ளனர். 1622 இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியதும், 1957 இல் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தைக் கையளித்து நீங்கியதும் பலரும் அறிந்த செய்திகள். இவற்றையெல்லாம் தாங்கி நின்ற நிலத்தை மனிதர் எவ்வாறு வாசிக்கக் கற்றனர் என்பதும் வரலாறே. அதுவே ஈண்டு நோக்கப்படுகின்றது.

நிலம் ஒருபோதும் அசைவற்றிருப்பதில்லை. புவிநடுக்கம் நிகழாத நாளிலும் கடலலை, காற்று, வாகனம், இயந்திரம் என்பவற்றால் அது புலனுக்கு எட்டாதவாறு அதிர்ந்துகொண்டேயிருக்கும். 1870களில் இத்தாலியத் துறவி பெர்த்தெல்லி புளோரன்ஸ் நகரில் ஊசல்களைத் தொங்கவிட்டு இந்நுண்ணதிர்வுகளை ஆண்டுக்கணக்கில் நோக்கினார். ஆயினும் புவிநடுக்கங்களைத் தேடிய ஆய்வாளர் பலருக்கு இவை பதிவைக் கெடுக்கும் இடைஞ்சலாகவே தோன்றின.

இடைஞ்சலையே செய்தியாகக் கொண்டவர்களுள் நம் கடலோடு நெருங்கிய தொடர்புடையவர் எஸ். கே. பானர்ஜி. பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் பதிவுகளை ஆராய்ந்த அவர், தென்மேற்குப் பருவக்காற்றும் இந்தியக் கடல்களில் எழும் புயல்களும் நிலத்தில் தனித்தனி அதிர்வுக் கோலங்களை ஏற்படுத்துகின்றன என 1930 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் எழுதினார். கடலலையின் அழுத்தமே கடற்றரை வழியாக நிலத்தை அடைகின்றது என்பது அவர் கருத்து. அலையின் தாக்கம் ஆழத்தில் விரைவாக மங்கிவிடுமே என்ற தடை அக்கருத்துக்கு எதிரே நின்றது. 1950 இல் லோங்கெ-ஹிக்கின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலாளர் அத்தடையை நீக்கினார். எதிரெதிராக வரும் இரு அலைத்தொடர்கள் சந்திக்குமிடத்து எழும் அழுத்தம் ஆழத்தால் மங்குவதில்லை. அதன் மீடிறன் அலையினுடையதைப்போல் இருமடங்கு. கோணேசர் மலையின் செங்குத்துப் பாறையில் மோதித் திரும்பும் அலை அடுத்து வரும் அலையை எதிர்கொள்வதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அதிர்வின் பிறப்பிடம் விளங்கிய பின்னர், அது கடந்துவந்த நிலத்தை அறியலாமா என்ற வினா எழுந்தது. தனியொரு கருவியால் இதற்கு முழுமையான விடை காண்பது அரிது. எத்திசையிலிருந்தும் ஒழுங்கின்றி வரும் அதிர்வுகளை வட்டமாக அமைத்த பல கருவிகளால் பதிந்து, பதிவுகளின் ஒப்புமையிலிருந்து அலைவேகத்தைக் கணிக்கலாம் என யப்பானியரான கெயிட்டி அக்கி 1957 இல் காட்டினார். கருவியணிகள் பெருகியதற்கு அணுகுண்டே காரணம் என்பது கசப்பான உண்மை. கர்நாடகத்துக் கௌரிபிதனூரில் 1960களின் நடுப்பகுதியில் பிரித்தானிய உதவியுடன் நிறுவப்பட்ட 20 கருவிகளைக் கொண்ட அணியும் அணுவெடிப்புகளைக் கண்டறியவே எழுந்தது. கணனி வளர்ந்த பின்னரே அமைதியான அதிர்வுகளைத் திங்கட்கணக்கில் ஒப்பிடுதல் இயல்வதாயிற்று. இரு நிலையங்களின் நீண்ட பதிவுகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பெருக்கிக் கூட்டினால், ஒழுங்கற்றவை ஒன்றையொன்று அழிக்க, ஒரு நிலையத்திலிருந்து மற்றதற்குச் செல்லும் அலை மட்டும் எஞ்சும்.

இலங்கையிலோ கருவி முந்தியது, வாசிப்புப் பிந்தியது. 2004 திசெம்பர் 26 அன்று சுமாத்திராவின் அதிர்வைக் கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலை நிலையம் சில நிமிடங்களில் பதிந்தது. அதனை உடனுக்குடன் வாசித்து எச்சரிக்கும் ஏற்பாடு நாட்டில் இருக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிழக்குக் கரையை அலை அடைந்தது. கிண்ணியா மருத்துவமனையும் அழிந்தது.

2016-2017 இல் யேர்மனியின் பொற்ஸ்டாம் புவியியல் ஆய்வு மையமும் இலங்கைப் புவிச்சரிதவியல் பணியகமும் இணைந்து தீவெங்கும் 30 நிலையங்களை ஓராண்டளவில் இயக்கின. நுண்ணதிர்வுகளும் தொலைப் புவிநடுக்க அலைகளும் சேர்ந்து தந்த முடிவு 2020 இல் வெளியாயிற்று: தீவின் புவியோடு 30 முதல் 40 கிலோமீற்றர் வரை தடிப்புடையது, மத்திய மலைப்பகுதியின் கீழ் அது மிகுதி.

பெரும் பேறுதான். ஆயினும் பல பத்துக் கிலோமீற்றர் இடைவெளியில் நின்ற கருவிகள் ஆழத்தை அறியும். ஒரு வீட்டின் அத்திவாரத்தை அறியா. திருகோணமலையிலோ வேற்றுமை அத்திவாரத்திலேயே உள்ளது. நகரும் கோட்டையும் தொல்பாறையை ஒட்டி நிற்கின்றன. குடாவின் தென்புறத்தில் மூதூரைச் சூழ்ந்து மகாவலி கொணர்ந்த வண்டல் கிடக்கின்றது. அலைவேகம் செக்கனுக்கு 200 மீற்றராகவும் வண்டலின் தடிப்பு 25 மீற்றராகவும் இருப்பின், வேகத்தைத் தடிப்பின் நான்கு மடங்கால் வகுக்க, அந்நிலம் செக்கனுக்கு 2 தடவை அசைவதையே பெரிதும் விரும்பும். ஐந்து மாடிக் கட்டடத்தின் இயல்பான அசைவும் ஏறத்தாழ அதுவே. 2018 செப்டெம்பரில் திருகோணமலையில் உணரப்பட்ட சிறு நிலவதிர்வு இக்கணக்கை ஏட்டுக் கணக்காக விடவில்லை.

இதனை அறியக் குண்டு வெடிக்கவோ ஆழத் துளையிடவோ முதலில் வேண்டியதில்லை. சில பத்து மீற்றர் அகலத்தில் வட்டமாக வைக்கத்தக்க கருவிகள், சில மணி நேரப் பதிவு, ஐரோப்பிய ஆய்வாளர் இலவசமாக வழங்கும் ஜியோப்சி போன்றதொரு மென்பொருள் ஆகியன தொடக்கத்துக்குப் போதும். அதிர்வைக் கொட்டியாரக்குடாவின் அலைகள் இரவும் பகலும் வழங்குகின்றன.